பழைய மேசை மல்டிமீற்றரைத் திருத்துவது: மாங்குளத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மாங்குளத்தில் நீர்ப்பம்பிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் சோலார் சார்ஜர்களும் திருத்துகிறீர்கள். கொழும்பில் பழைய சாமான் விற்கும் இடமொன்றில் ஐந்தரை இலக்க மேசை மல்டிமீற்றர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். கடையில் திரை ஒளிர்ந்தது. அதற்கு மேல் எதையும் சோதிக்கவில்லை. வீட்டில் பார்த்தபோது ஐந்து குறைகள். கம்பிகள் எதையும் தொடாமல் கிடக்கும்போது எண்கள் தாமாக ஓடுகின்றன. மின்னோட்டம் அளந்தால் பூச்சியம். ஓம் வீச்சில் எந்தத் தடையை வைத்தாலும் வீச்சு மீறியதாகக் காட்டுகிறது. தடை கூடிய இடங்களில் வோல்ற் அளந்தால் காலையில் ஒரு எண், மத்தியானம் வேறு எண். அரை மணித்தியாலம் ஓடியதும் எண்கள் குதிக்கத் தொடங்குகின்றன. எல்லாம் ஒரே பழுதா, பெரிய ஐ.சி. போய்விட்டதா, உள்ளே வரிசையாகத் தெரியும் சின்னத் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இன்றிரவே நீங்கள் திருப்புளியைக் கையில் எடுக்கக்கூடும். அந்தத் திருகுகளைத் தொடாதீர்கள். பழுதான மீற்றரை அளவுதிருத்தத் திருகால் சரிக்கட்டினால், பழுது அப்படியே இருக்க, எண் மட்டும் அன்றைக்குச் சரியாகத் தெரியும். பிறகு உண்மையான பழுதைக் கண்டு மாற்றும்போது எல்லா வீச்சுகளும் பிழையாகிவிடும். திரும்பி வர வழியே இருக்காது. திருகுகளின் மேல் வைத்த மை முத்திரை எல்லாம் உடைந்த நிலையில் ஒரு மீற்றர் என்னிடம் வந்தது. உண்மையான பழுது ஒரு பியூஸும் ஒரு டயோடும்தான். அதை ஒரு பின்னேரத்தில் முடித்தேன். யாரோ திருப்பிய திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர அந்த மாரி முழுவதும் போயிற்று. செத்த மீற்றர் யாரையும் ஏமாற்றாது. பொய் சொல்லும் மீற்றரை நம்பி ஒருவருடைய பம்பிப் பெட்டியில் நல்ல சாமானைக் கழற்றி எறிவோம்.

இனி, ஐந்தும் ஒரே பழுதல்ல. அதில் ஒன்று பழுதே அல்ல.

எண்கள் தாமாக ஓடுவதைச் சொல்கிறேன். கையடக்க மீற்றரின் உள்ளீட்டுத் தடை பொதுவாக 10 மெகாஓம். மேசை மீற்றர்களிலோ சிறிய வோல்ற் வீச்சுகளில் அது 1 கிகாஓமுக்கு, அதாவது 1000 மெகாஓமுக்கு மேல், பலவற்றில் 10 கிகாஓமுக்கும் மேல். அவ்வளவு உயர்ந்த தடைக்கு முன்னால் உள்ளீட்டுப் பகுதியில் கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே உள்ளீட்டை மெதுவாகச் சார்ஜ் ஏற்றிவிடும். கசிவு 30 பைக்கோ அம்பியர், உள்ளீட்டின் கொள்ளளவு 100 பைக்கோ பரட் என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு 0.3 வோல்ற் ஏறும். ஆகவே கம்பிகள் சும்மா கிடக்கும்போது எண் ஓடுவது அந்த மீற்றரின் இயல்பு. இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். கடைசி இலக்கம் இரண்டு மூன்று எண்ணுக்குள் ஆடி, பூச்சியத்தில் நின்றால் அந்தக் குறையை உங்கள் பட்டியலிலிருந்து வெட்டிவிடலாம்.

மற்ற நான்குக்கும் மூடியைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன் மின் செருகியைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். 120, 240 என்று எழுதிய சிறிய சுவிட்சோ பியூஸ் கூட்டோடு சேர்ந்த அட்டையோ இருக்கும். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வெளிநாட்டு ஆய்வுகூடங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் பெட்டிகள் சில 120இல் வைக்கப்பட்டபடியே வரும். அப்படிச் செருகினால் ட்ரான்ஸ்போமரின் முதல் சுற்று எரிந்துவிடும். உங்களுடையதில் திரை ஒளிர்கிறது என்பதால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்தப் பதிலை வேறு யாராவது வாசித்து இன்னொரு பெட்டியைச் செருகக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

திறந்ததும் அளக்க அவசரப்படாதீர்கள். மோந்து பாருங்கள், டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஊதிய தலையுள்ள கப்பாசிற்றர், பலகையில் பழுப்பேறிய இடம், மீன் நாற்றம் போன்ற ஒரு வாசனை, செம்புத் தடத்தில் பச்சை: இவை எல்லாம் கப்பாசிற்றரின் திரவம் கசிந்ததைச் சொல்லும். மின் நுழைவாயிலுக்கு அருகில் ஒளி ஊடுருவும் பிசின் உறைக்குள் காகிதம் தெரியும் ஒரு சதுரக் கப்பாசிற்றர் இருந்து, அதன் உறையில் வெடிப்புகள் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். வெடிப்பு வழியாக ஈரம் இறங்கியிருக்கும். ஒரு நாள் புகையோடு போகும். அந்த இடத்துக்கு மின்வழிக்கென்று செய்யப்பட்ட, ‘எக்ஸ் 2’ என்று பொறித்த கப்பாசிற்றர்தான் போட வேண்டும். சாதாரண 400 வோல்ற் கப்பாசிற்றர் கூடாது.

இன்னொரு விடயத்தையும் இந்த முதல் பார்வையிலேயே கவனியுங்கள். பலகையில் பற்றரி ஒன்று ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தால், பழையது, மாற்றுவோம் என்று உடனே வெட்டிவிடாதீர்கள். திருகுகளுக்குப் பதிலாக அளவுதிருத்த எண்களை நினைவகத்தில் வைத்திருக்கும் மீற்றர்களில், சிலவற்றில் அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பற்றரிதான். வெட்டிய கணத்தில் அத்தனை எண்களும் போய்விடும். உங்கள் மொடலின் திருத்தக் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்து, அந்தப் பற்றரி எதற்கு என்று பார்த்த பிறகே தொடுங்கள். பழைய மேசை மீற்றர்கள் பலவற்றுக்குச் சர்க்கியூட் படத்தோடு கூடிய கையேடு இன்றும் கிடைக்கிறது. இவற்றை வாங்குவதில் எனக்குள்ள பெரிய மனநிறைவு அதுதான். இன்றைய மலிவான மீற்றர்களுக்கு ஒரு படமும் கிடையாது.

திரும்ப மின்சாரம் கொடுக்கும்போது ‘சீரிஸ் பல்ப்’, அதாவது மின்வழியில் மீற்றருக்குத் தொடராக ஒரு பல்ப், வைத்துக் கொடுங்கள். வானொலி திருத்துகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு காலத்தில் இருந்த சாமான் அது. இந்த அளவு மீற்றருக்கு 40 வாற் இழைப் பல்ப் போதும்; எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று. மங்கிய பிறகு பல்பை விலக்கி நேரடி மின்சாரத்தில் அளவுகளை எடுங்கள்.

உள்ளே முதலில் அளக்க வேண்டியது வழங்கல் அழுத்தங்களை. ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த வாசலைத் தட்டக் கூடாது. பழைய மீற்றர்களில் பெரும்பாலும் எண் பகுதிக்கு 5 வோல்ற், அளவுப் பகுதிக்கு கூட்டல் 15, கழித்தல் 15 என்று இருக்கும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். கறுப்புக் கம்பியை மீற்றரின் இரும்புக் கூட்டில் பிடித்துக்கொண்டு அளந்துவிட்டு “ஒன்றும் வரவில்லை” என்பார்கள். மேசை மீற்றரின் அளவுப் பகுதி கூட்டிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிரிக்கப்பட்டு மிதக்கிறது. அதன் பொது முனை வேறு. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, வழங்கல் அழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும் ரெகுலேற்றரின் சொந்தக் கால்களுக்கிடையே அளவுங்கள். 7805, 7815 வகையில் எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து உள்ளீடு, பொது, வெளியீடு. 7915இல் அது பொது, உள்ளீடு, வெளியீடு. அதன் முதுகுத் தகடு பொது முனையும் அல்ல, உள்ளீடு. அந்தத் தகட்டில் கறுப்புக் கம்பியைப் பிடித்து அரை நாளை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு அழுத்தத்தையும் இரண்டு முறை அளவுங்கள்: ஒருமுறை நேரோட்டத்தில் (டி.சி.), ஒருமுறை ஆடலோட்ட (ஏ.சி.) மில்லிவோல்ற்றில். ரெகுலேற்றருக்குப் பின்னால் சில மில்லிவோல்ற்றுக்கு மேல் ஆடலோட்டம் இருந்தால் சந்தேகப்படுங்கள். 7805 சரியாக வேலை செய்ய அதன் உள்ளீடு 7 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவே கூடாது. சராசரி 9 என்று மீற்றர் காட்டலாம். கப்பாசிற்றர் வற்றியிருந்தால் ஒவ்வொரு அலையின் அடியிலும் 6க்கு இறங்கி ஏறும். நம் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டங்களுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்கும் பொழுதுகளில் வழங்கல் 230இலிருந்து நன்றாகக் கீழே இறங்குவதை நீங்களே பம்பிப் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். நல்ல கப்பாசிற்றர் உள்ள மீற்றர் அதைத் தாங்கும், வற்றியது தாங்காது. எண் குதிக்கும் நேரத்தில் சுவரின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு நாள் குறித்துப் பாருங்கள்.

கப்பாசிற்றர் மாற்றுவதென்றால் 105 பாகை வகையைப் போடுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கூரையின் கீழ் வைகாசி வெயிலில் உங்கள் பட்டறை எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரை மணித்தியாலத்தில் குதிக்கும் உங்கள் பழுதுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. வற்றிய கப்பாசிற்றர் பெரும்பாலும் குளிரில் மோசமாகவும் சூடேறியபின் கொஞ்சம் நன்றாகவும் நடந்துகொள்ளும். உங்களுடையது நேர்மாறு. சூடேறக் குணம் கெடுகிறது என்றால் நான் முதலில் தேடுவது ஈயப் பற்றில் வெடிப்பை. ரெகுலேற்றரின் கால்கள், ட்ரான்ஸ்போமரின் கால்கள், முன்பக்க முனைகள் பலகையோடு சேரும் இடங்கள் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரிந்தால் அதுதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவையுங்கள். மேலே இன்னும் கொஞ்சம் ஈயத்தைப் பூசி விடுவது வேலையல்ல. கண்ணுக்குத் தெரியாவிட்டால், மீற்றர் குதிக்கும் நேரத்தில் பென்சிலின் மரப்பக்கத்தால் பலகையை இங்குமங்கும் மெல்லத் தட்டுங்கள். இன்னும் பிடிபடாவிட்டால் சந்தேகமான ஐ.சி.யின் முதுகைச் சுத்தமான அல்ககோலில் நனைத்த பஞ்சால் தொடுங்கள். ஆவியாகும்போது அது குளிரும், எந்த ஐ.சி.யைத் தொட்டதும் எண்கள் அமைதியாகின்றனவோ அதைப் பிடித்துக்கொள்ளலாம். மின்வழி உள்ள பக்கத்தில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

மின்னோட்டம் பூச்சியம் என்பது பத்தில் ஒன்பது தடவை பியூஸ். முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ கையால் கழற்றக்கூடிய ஒன்று இருக்கும். பல மொடல்களில் பலகையின் மேல் இன்னொரு பெரியதும் இருக்கும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இரண்டையும் கழற்றித் தனியே அளவுங்கள். அந்த இடத்துக்கு மணல் நிரப்பிய, அதே அம்பியரும் அதே வோல்ற்றும் உள்ள பியூஸ்தான் வேண்டும். செம்பு இழை சுற்றுவது நம் ஊர்களில் கைப்பழக்கமாகிப் போன ஒன்று. நானும் அந்தக் காலத்தில் வளர்ந்தவன், சாமான் கிடைக்காத காலம் அது. இன்று கிடைக்கிறது. மின்னோட்ட முனையில் கம்பியை வைத்தபடியே மறந்து யாராவது 230ஐத் தொட்டால், அந்தச் செம்பு இழை உங்கள் கையருகே வெடிக்கும். பியூஸ் சரியாகியும் எண் குறைவாக வந்தால், மின்னோட்டத் தடைக்குக் குறுக்கே இருக்கும் பாதுகாப்பு டயோடுகளைப் பாருங்கள். தடை 0.1 ஓம் என்றால் 1 அம்பியருக்கு 100 மில்லிவோல்ற் அதன்மேல் விழ வேண்டும். டயோட் குறுக்காகியிருந்தால் விழாது.

ஓம் பகுதிக்கு வருவோம். திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. நான்கு கம்பி ஓம் என்ற பொத்தான் அமுங்கியிருந்தால், இரண்டு கம்பியோடு அளக்கும்போது மீற்றர் அர்த்தமற்ற எண்ணையோ வீச்சு மீறலையோ காட்டும். முன் முனையா பின் முனையா என்று தெரிவு செய்யும் சுவிட்ச் ஒன்றும் பல மேசை மீற்றர்களில் இருக்கிறது. அதன் தொடுமுனைகள் கறுத்துப்போவது சாதாரணம். இவை இரண்டும் சரி என்றால், முன்னைய சொந்தக்காரர் ஒருவர் ஓம் வீச்சில் வைத்தபடி மின்வழியைத் தொட்டிருக்கிறார் என்று நான் ஊகிக்கிறேன். மீற்றர்கள் சாகும் வழிகளில் ஆகப் பொதுவானது அதுதான்.

ஓம் அளப்பது என்றால், மீற்றர் தானே ஒரு மாறாத மின்னோட்டத்தை வெளியே அனுப்பி, தடையில் விழும் அழுத்தத்தைப் படிப்பது. பல மேசை மீற்றர்களில் 1 அல்லது 2 கிலோஓம் வீச்சில் அந்த மின்னோட்டம் 1 மில்லி அம்பியர். ஆகவே உங்கள் கையடக்க மீற்றரை மில்லி அம்பியரில் வைத்து, மேசை மீற்றரின் ஓம் முனைகளுக்குக் குறுக்கே பிடியுங்கள். 1 மில்லி அம்பியர் வந்தால் அனுப்பும் பகுதி நலம். படிக்கும் பாதையில்தான் தடங்கல். ஒன்றும் வராவிட்டால், முனையிலிருந்து உள்ளே போகும் வழியில் பாதுகாப்புக்காகத் தொடராக வைத்த சாமான்களைப் பாருங்கள். சூடேறினால் தடை கூடும் தெர்மிஸ்ரர் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். தட்டையான சிறு வில்லை போன்றது. குளிர்ந்த நிலையில் ஓரிரு கிலோஓம் காட்ட வேண்டியது திறந்து கிடந்தால், கையேட்டில் சொன்ன அதே வகையைத் தேடிப் போடுங்கள். அதற்கு அடுத்ததாக ஒரு டயோடும் உயர் அழுத்த ட்ரான்சிஸ்ரர் ஒன்றும் இருக்கும். அடி வாங்கினால் இவை மூன்றும் ஒன்றாகவே போகும். ஒன்றை மாற்றியதும் மூடிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன், அது உங்களுக்கு உதவும். தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது, வன்னிக்குள் கொண்டுவர முடியாத சாமான்களில் பற்றரியும் ஒன்று. ஊசி மீற்றரின் ஓம் வீச்சுக்கு உள்ளே பற்றரி வேண்டும், வோல்ற் வீச்சுக்கு வேண்டாம். அதனால் ஓமை விட்டுவிட்டு வேலை செய்யப் பழகினேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றச் சொல்லி, அந்த அழுத்தத்தை வானொலிக்குக் கொடுத்து, அது எந்தச் சாமான் வரை வருகிறது, எந்தச் சாமானுக்கு அப்பால் இல்லை என்று வோல்ற் வீச்சிலேயே தொடர்ந்து போவேன். மிதிக்கிற பையன் களைக்கும் முன் பழுதைப் பிடித்துவிட வேண்டும். இன்றைக்கும் நான் தேடுகிற முறை அதுவே. சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓம் வைத்துப் பார்ப்பதை விட, தெரிந்த ஓர் அழுத்தத்தை உள்ளே அனுப்பி அது தொலையும் இடத்தைப் பிடிப்பது விரைவு, பலகைக்கும் சேதமில்லை. உங்கள் மீற்றரின் வோல்ற் முனையில் ஒரு 1.5 வோல்ற் பற்றரியை இணையுங்கள். சர்க்கியூட் படத்தைப் பார்த்து உள்ளே ரிலே, சுவிட்ச், தடை என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் அதைத் தொடருங்கள். உங்கள் கையடக்க மீற்றரின் 10 மெகாஓம் அந்த இடத்துக்கு ஒரு பாரம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். உயர்ந்த தடைக்குப் பின்னால் எண் சற்றுக் குறையும்.

காலையில் ஒரு எண், மத்தியானம் வேறு எண் என்று நீங்கள் எழுதிய வரிதான் என் கவனத்தை அதிகம் இழுத்தது. இதுதான் நம் ஊரின் பழுது. கையேடு எழுதியவர்கள் குளிரூட்டிய அறையில் எழுதினார்கள். இங்கே ஆடி ஆவணிக் காற்றில் வரும் செம்மண் புழுதி மூடியின் காற்றுத் துளைகளால் போய் உள்ளே படியும். பல்லி எச்சம் இடும், எறும்பு முட்டையோடு குடியேறும், மண்குளவி கூடு கட்டும். வெயில் காலம் முழுவதும் அது காய்ந்த தூசுதான், ஒன்றும் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் மழை தொடங்கியதும் அந்தப் படலம் ஈரத்தை இழுத்துக் கடத்தத் தொடங்கும். விடியற்காலை ஈரம் அதிகம். மத்தியானம் மீற்றரின் சொந்தச் சூட்டில் காய்ந்துவிடும். காலையில் கெட்டு மத்தியானம் திருந்தும் பழுதுக்கு ஐ.சி. மாற்றிப் பயனில்லை.

எவ்வளவு கசிகிறது என்று அளக்க ஓம் வீச்சு தேவையில்லை. 2 வோல்ற் வீச்சில் ஒரு புதிய 1.5 வோல்ற் பற்றரியை நேரே அளந்து எழுதிவையுங்கள். பிறகு அதே பற்றரிக்குத் தொடராக ஒரு 10 மெகாஓம் தடையை வைத்து அளவுங்கள். உள்ளீடு 10 கிகாஓமாக இருந்தால் 1.500 என்பது 1.4985க்குத்தான் இறங்கும். பலகையில் 100 மெகாஓம் அளவுக்குக் கசிவு இருந்தால் 1.364க்கு இறங்கிவிடும். இந்தச் சோதனையை விடியற்காலையும் நடுப்பகலும் செய்யுங்கள். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, அந்தத் தடை தொடராக இருக்கும்போதே, பலகையின் உள்ளீட்டுப் பக்கத்தில் வாயால் மெல்ல ஊதுங்கள். எந்த இடத்தில் மூச்சு பட்டதும் எண் விழுகிறதோ, அங்கேதான் அழுக்கு. மின்சாரம் ஓடும் நேரமாகையால் முகத்தையும் கையையும் மின்வழிப் பக்கத்திலிருந்து தள்ளியே வைத்திருங்கள்.

கழுவுவதற்கு முன் மின் செருகியைக் கழற்றுங்கள். முதலில் காய்ந்த தூரிகையால் தூசையும் கூட்டையும் எடுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுறொப்பைல் அல்ககோலும் மெல்லிய பற்தூரிகையும். அல்ககோல் பிசினையும் எண்ணெயையும் கரைக்கும். பல்லி எச்சத்தின் உப்பை அது கரைக்காது. அதற்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். ஆகவே நீர், பின்னர் அல்ககோல், திரும்பவும் ஒருமுறை புதிய அல்ககோல். அழுக்கான அல்ககோலைத் துடைத்தெடுக்காமல் காயவிட்டால், ஓரிடத்து அழுக்கை முழுப் பலகைக்கும் பரப்பிய வேலைதான் நடந்திருக்கும். கப்பாசிற்றர் திரவமோ நிக்கல் கட்மியம் பற்றரியோ கசிந்த இடத்தை முதலில் சில துளி வினாகிரியால் தொட்டு, உடனே நீரால் கழுவுங்கள். அந்தக் கசிவுகள் காரத் தன்மையுள்ளவை. மண்ணெண்ணெயும் பெற்றோலும் கிட்டவே வரக் கூடாது. பெற்றோல் பிளாஸ்ரிக்கை அரிக்கும், தீயும் பிடிக்கும். மண்ணெண்ணெய் ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும், அந்தப் படலம் அடுத்த புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருக் கழற்றும் எண்ணெய்த் தெளிப்பானும் அப்படித்தான். சுவிட்சுகளுக்குத் தொடுமுனைகளுக்கென்று விற்கும் தெளிப்பானை இரண்டு துளி விட்டு, பொத்தானை முப்பது தடவை அமுக்கி விடுங்கள்.

உள்ளீட்டுக்கு அருகே வெள்ளை நிறத்தில் மெழுகு போல வழுக்கும் தாங்கிகள் இருந்தால் அவை டெஃப்லோன். கழுவிய பின் அவற்றை விரலால் தொடாதீர்கள். விரலின் வியர்வை உப்பே கசிவுக்குப் போதும். நிழலில், காற்றோட்டத்தில், ஒரு நாள் முழுவதும் காயட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மீற்றர் உண்மை சொல்கிறதா என்ற கேள்வி வரும். பிழை எங்கே கூட்டமாக இருக்கிறது என்று பாருங்கள். 20 வோல்ற்றுக்கு மேற்பட்ட வீச்சுகள் மட்டும் பிழை என்றால் உள்ளீட்டைப் பிரிக்கும் 10 மெகாஓம் தடைத் தொகுதி. ஆடலோட்டம் மட்டும் என்றால் அதை நேராக்கும் பகுதி. எல்லா வோல்ற் வீச்சுகளும் ஒரே சதவீதத்தில் கூடியோ குறைந்தோ இருந்தால், மீற்றர் தான் அளப்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆதார அழுத்தம். நல்ல மேசை மீற்றர்கள் பலவற்றில் அது எல்.எம். 399 என்ற சிறு உலோகக் குப்பி. தன்னைத் தானே சூடாக்கி வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 6.95 வோல்ற் தரும். மேலே ஒரு பிளாஸ்ரிக் தொப்பி இருக்கும். மீற்றர் ஓடிப் பத்து நிமிடத்துக்குப் பிறகும் அது குளிர்ந்தே இருந்தால் உள்ளே உள்ள சூடாக்கியோ அதற்கான வழங்கலோ போய்விட்டது. அந்த அழுத்தத்தை அளந்து, திகதியோடு மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் திறக்கும்போது அந்த எண் உங்களோடு பேசும்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஏ.டி. 584 என்ற ஐ.சி. வைத்த சிறு பலகைகள் இணையத்தில் விற்கின்றன, 2.5, 5, 7.5, 10 வோல்ற் தரும். மலிவானது, பட்டறைத் தேவைக்குப் போதும். அதோடு 0.1 சதவீதத் தடைகள் நான்கைந்து வாங்கி வையுங்கள். அதற்கு மேல் நம்பிக்கை வேண்டுமென்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உங்களுக்குப் பஸ் தூரத்தில் இருக்கின்றன. அங்கே படிக்கும் பையன்கள் யாரையாவது தெரிந்தால், அவர்களின் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, இரண்டு மீற்றர்களையும் ஒரே பற்றரியில் ஒரே நேரத்தில் இணைத்துப் படியுங்கள். சான்றிதழோடு அளவுதிருத்தம் வேண்டுமென்றால் ஹோமாகமவில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. பம்பிப் பெட்டி திருத்த அது தேவையில்லை.

திரை மங்கலாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பச்சை நீலமாக ஒளிரும் அந்த வகைத் திரை பாவிக்கப் பாவிக்கத் தேயும். வேலையில்லாத நேரத்தில் அணைத்து வையுங்கள். இடி மின்னல் மாதங்களில் செருகியையே கழற்றிவிடுங்கள். நிலத்தொடுப்புக் காலை வெட்டிய செருகியோடு உங்களிடம் வந்திருந்தால், முதல் வேலையாக மின் கம்பியை மாற்றுங்கள். அந்த இரும்புக் கூட்டில்தான் உங்கள் முழங்கை நாள் முழுவதும் பட்டுக்கொண்டிருக்கும். மூடும்போது காற்றுத் துளைகளின் உட்பக்கத்தில் மெல்லிய நைலோன் வலை ஒன்றை ஒட்டுங்கள். காற்று போகும், குளவி போகாது.

கழுவிக் காயவைத்த பின், 10 மெகாஓம் சோதனையின் விடியற்காலை எண்ணையும் மத்தியான எண்ணையும் எனக்கு எழுதுங்கள். ஓம் முனையில் 1 மில்லி அம்பியர் வராவிட்டால் மொடல் எண்ணையும், தெர்மிஸ்ரருக்கு இரு பக்கமும் அளந்த வோல்ற்றையும் சேர்த்து எழுதுங்கள். சர்க்கியூட் படத்தை வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடருவோம்.